பழைய பத்திரிகை விளம்பரங்களும் கத்தரிக்கோலும்

தபால் முத்திரை சேர்ப்போரையும் பழங்காசு சேர்ப்போரையும் நாம் நன்கறிவோம். அவர்தம் முயற்சியை மதிக்கவும் பழகியுள்ளோம். ஆனால், மேலைநாடுகளிலே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் றொக் இசைக் கச்சேரிகளுக்காக நாளிதழ்களில் வெளிவந்த விளம்பரங்களைத் தேடிச் சேர்ப்போர் ஒரு சாரார் உளர் என்று சொன்னால் நம்மிற் பலர் நகைப்பர். அவ்விசையைக் கேட்கவே விரும்பாத மூத்தோர் இன்னுஞ் சற்று உரக்க நகைத்தல் கூடும். அந்நகைப்பு நியாயமன்று என்பதே என் கருத்து. அச்சேகரிப்பாளரிடத்து யான் காணுங் குறை வேறொன்று.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் கூறுவேன். 1959 பெப்ரவரி 3ஆந் திகதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மூர்ஹெட் நகரிற் பாடவிருந்த படி ஹொலியும் உடன் பாடவிருந்த இருவரும் அன்று விடியுமுன் விமான விபத்தில் மாண்டனர். அக்கச்சேரிக்கென அச்சிட்ட சுவரொட்டியொன்று 2022இல் நான்கு இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அதே காலத்து நாளிதழ் விளம்பரங்களோ பெரும்பாலும் மிகச் சிறு தொகைக்கே கிடைக்கின்றன. வரலாறு அறிய விழைவோனுக்கு இவ்விலை ஏற்றத்தாழ்வு தலைகீழானது. சுவரொட்டியிற் கிழமையுந் திகதியும் இருக்கும். ஆண்டு பெரும்பாலும் இராது. அடுத்த வாரம் நடைபெறுங் கச்சேரிக்கு ஆண்டு எதற்கு? நாளிதழ்த் தாளின் மேல்விளிம்பிலோ ஆண்டு, திங்கள், நாள், ஊர் யாவும் அச்சாகியிருக்கும்.

இன்னொரு சான்று காண்க. 1968 டிசெம்பர் 30ஆந் திகதி வாஷிங்ரன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரிலுள்ள கொன்சாகா பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரி நடைபெற்றது. தலைமைக் குழு வனிலா ஃபட்ஜ். உடன் பாடிய ஆங்கிலேயக் குழுவின் பெயரை நாளிதழ் விளம்பரம் ‘லென் செஃப்லின்’ என்று அச்சிட்டது. அதுதான் பின்னாளில் உலகெங்கும் புகழ்பெற்ற லெட் செப்பலின்! அமெரிக்காவில் அவர்கள் முதன்முதல் மேடையேறி நான்கு நாள்களே ஆகியிருந்தன. முதலாவது இசைத்தட்டும் வெளிவரவில்லை. இக்குழு தோன்றிய பொழுதே புகழொடு தோன்றியது போலப் பிற்கால நூல்கள் பேசும். அச்சுக் கோப்பவனுக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை என்னும் உண்மையை அச்சிறு பிழையன்றோ காட்டுகின்றது?

1969ஆம் ஆண்டு வூட்ஸ்ரொக் பெருவிழாவுக்கான விளம்பரங்கள் இன்னுஞ் சுவையானவை. முன்னர் வந்தவற்றில் இடம் வோல்கில் என்றிருக்கும். யூலை நடுப்பகுதியில் அவ்வூர்ச் சபையினர் இசைவு மறுக்கவே, பின்னர் வந்தவற்றில் இடம் வைற் லேக் என்று மாறும். மூன்று நாளுக்கு 18 டொலர் என்று கட்டணம் குறித்திருப்பர். வேலி அடைத்து முடியாமையால் ஈற்றில் விழா இலவசமாயிற்று. பட்டியலிற் கண்ட ஜெஃப் பெக் குழுவோ வரவேயில்லை. விளம்பரம் நடந்ததைக் கூறும் ஆவணமன்று, நடக்குமென எதிர்பார்த்ததைக் கூறும் ஆவணம் என்பதைச் சேகரிப்போர் மறத்தலாகாது. அவ்வகையில் அதற்கு ஒப்பான சான்று வேறில்லை.

இனிக் குறைக்கு வருவேன். நாளிதழ்த் தாள் மரக்கூழினால் ஆவது. ஒளிபட்டால் மஞ்சளித்து, நாளடைவில் ஒடிந்து உதிர்வது. இதனை அஞ்சியும் இடம் போதாமையாலும் பெரிய நூலகங்கள் பல, பத்திரிகைகளை நுண்படச் சுருளில் எடுத்துவிட்டு மூலத் தொகுதிகளைக் கழித்தன. நிக்கல்சன் பேக்கர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2001இல் ஒரு நூலெழுதி இதனை வன்மையாகக் கண்டித்தார். பிரித்தானிய நூலகம் கழித்த அமெரிக்கப் பத்திரிகைத் தொகுதிகளைத் தாமே வாங்கியுங் காத்தார். அவை 2004இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அவ்வாறு காப்பாரற்ற தொகுதிகள் வியாபாரிகள் கையிற் சிக்கித் தாள்தாளாக அறுக்கப்பட்டு விலைப்படுகின்றன. வாங்குவோன் விளம்பரத்தை மட்டுங் கத்தரித்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறான். திகதி போயிற்று; பத்திரிகையின் பெயர் போயிற்று; அயலிலிருந்த சினிமா விளம்பரமும் வியட்நாம் போர்ச் செய்தியும் போயின. எஞ்சியது ஓர் அலங்காரப் பொருளே. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரியுண்டமையை அறிந்த நமக்கு, பத்திரிகைத் தொகுதியொன்று மறைதல் இன்னதென்று பிறர் விளக்கவேண்டியதில்லை.

‘நாம் வாங்காவிடின் அவை குப்பைக்கன்றோ போயிருக்கும்’ என்பர் சேகரிப்போர். அதில் உண்மையுண்டு. ஆயினுங் காப்பாற்றுகிறேன் என்போன் கத்தரிக்கோலை எடுத்தல் முறையன்று. முழுத்தாளையும் வைத்திருக்கலாம், அமிலமற்ற உறையிலிட்டு ஒளிபடாது பேணலாம், ஒட்டுநாடாவை அண்டவிடாதிருக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இக்காலத்திற் பழம் பத்திரிகைகள் கணினியில் ஏறுகின்றன. தாள் எதற்கு என்று மாணவ நண்பர் வினவலாம். ஏறியவற்றுட் பல, கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளிலிருந்து எடுத்தவை. மங்கிய இடம் மங்கியே இருக்கும். அன்றியும், லெட் செப்பலின் என்று எழுத்துப் பிழையின்றித் தேடுவோனுக்கு அவ்வியந்திரம் ஸ்போக்கேன் விளம்பரத்தைக் காட்டுதல் அரிது. தாளைப் பொறுமையொடு புரட்டுவோன் கண்ணிலேயே அது படும்.