ஸ்தானிகராலயத்தின் வாசற்படி

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் முதியவர் ஒருவர் சில தினங்களுக்கு முன் ஒரு காகிதக் கட்டை நம் முன் கொண்டுவந்து வைத்தார். அவருடைய மகன் இரண்டு வருஷ காலம் அரபு நாடொன்றில் உழைத்துவிட்டுத் திரும்பியவன். கட்டிலிருந்தவை, அந்நாட்டிலுள்ள நமது ஸ்தானிகராலயத்துக்கு அவன் சமர்ப்பித்த மனுக்களின் நகல்கள். "ஐயா, இவற்றுக்கு இனி ஏதேனும் பதில் வருமா?" என்று பெரியவர் கேட்டார். அவருக்கு உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை.

பையனுடைய கதை புதியதன்று. பண்டகசாலைக் கணக்கு வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். போன இடத்தில் கையில் கொடுத்தது துடைப்பம். ஐந்து மாதச் சம்பளம் பாக்கி நின்றது. பாஸ்போர்ட்டோ இறங்கிய அன்றே முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு நாள் கூலியை இழந்து, கடன் வாங்கி வண்டி பிடித்து, ஸ்தானிகராலயத்துக்குச் சென்றான். ஜன்னலுக்கு அப்பாலிருந்த உத்தியோகஸ்தர் பாஸ்போர்ட்டின் அசலைக் கேட்டார். அது முதலாளியிடம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் புகார் என்றான் இவன். அப்படியானால் முதலாளியிடமிருந்து கடிதம் வாங்கி வா என்று சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட பாரம் ஒன்றைத் தந்து அனுப்பிவிட்டார். கடைசியில், தனக்குச் சம்பளப் பாக்கி ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே முதலாளி பாஸ்போர்ட்டைத் திருப்பினார். விமானச் சீட்டுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர் அவ்வூரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு தமிழர். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லர்.

இந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு நமது ஸ்தானிகர்கள் அனைவரையும் குறை கூறுவது நியாயமாகாது. 1990-ம் வருஷத்தில் இராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே சிக்கிய இந்தியர்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை நமது சர்க்கார் விமானங்களில் கொண்டுவந்து சேர்த்தது. 2024 ஜூன் 12-ம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளிகள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றி 45 இந்தியர் மாண்டார்கள்; அவர்களில் எழுவர் தமிழ்நாட்டினர். இரண்டே நாளில் அவர்களுடைய சடலங்கள் ஆகாயப் படையின் விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தன. பெரும் ஆபத்து வரும்போது நமது சர்க்கார் விரைந்தோடி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஐம்பது பேர் ஒன்றாக எரிந்தால் விமானம் வருகிறது. ஐந்து மாதம் பட்டினி கிடக்கும் ஒருவனுக்கு ஜன்னல்கூடத் திறப்பதில்லையே, இது ஏன் என்பதுதான் நமது கேள்வி.

காஞ்சிக்கு இவ்விஷயத்தில் பேசத் தனி உரிமை உண்டு. கைலாஸநாதர் ஆலயத்தைக் கட்டிய பல்லவ வேந்தன் ராஜசிம்மன் 720-ம் வருஷம் சீனச் சக்கரவர்த்தியின் சபைக்குத் தூதர்களை அனுப்பினான் என்று சீனரின் குறிப்புகளே கூறுகின்றன. இன்று ஸயாம் தேசத்து மேற்குக் கரையில், தகுவா பா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிச் சொல்லுகிறது. அவனிநாரணன் என்பது ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயர். அந்தக் குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகர் சங்கத்தாரும் சேனாமுகத்தாரும் பாதுகாக்க வேண்டுமென்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். அயல் மண்ணில் வாழும் தமிழனின் உடைமைக்கு யார் பொறுப்பு என்பதை அன்றைக்கே பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். இன்று பிள்ளையார்பாளையத்துப் பையனின் ஐந்து மாதச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்பதை எந்தக் கல்லில் தேடுவது?

பழம்பெருமை நிற்க. நமது பாட்டனார் காலத்துக்கு வருவோம். 1894-ல் டர்பன் நகரில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இளம் வக்கீலின் அறைக்குள் வந்து நின்றான். வக்கீலோ அங்கே தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர். அவர் முதற் காரியமாகத் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு வைத்தியரிடமும், அங்கிருந்து மாஜிஸ்டிரேட்டிடமும் அழைத்துச் சென்றார். அந்த வக்கீல் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பாஸ்போர்ட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. நேட்டாலில் நமக்கு அன்று ஸ்தானிகர் இருந்ததில்லை. அந்த அறையே தமிழ்க் கூலிகளுக்கு ஸ்தானிகராலயமாயிற்று.

பிறகு 1922-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்படி இலங்கைக்கும் மலேயாவுக்கும் இந்திய சர்க்காரின் ஏஜெண்டுகள் நியமனமானார்கள். அக்காலத்துத் தேசபக்தர்கள் அந்த ஏஜெண்டுகளைப் பல்லில்லாத பாம்பு என்று கேலி செய்ததுண்டு. அதில் நியாயமும் இருந்தது. அந்நிய சர்க்காரின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அந்நியத் தோட்ட முதலாளிகளை எந்த அளவுக்கு எதிர்க்க முடியும்? ஆயினும் அவர்கள் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றார்கள். லயங்களைப் பார்த்தார்கள். கூலி எவ்வளவு, நோய் எவ்வளவு, மரணம் எவ்வளவு என்று எழுதி, வருஷந்தோறும் அறிக்கை அச்சிட்டார்கள். 1936-ல் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் மலேயா சென்று விசாரணை செய்து வந்தார். 1938-ல் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, இனி உங்களுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று அடிமை இந்தியாவின் சர்க்காரே கதவை அடைத்தது. அடிமை நாட்டின் ஏஜெண்டு லயத்துக்குப் போனார். சுதந்திர நாட்டின் ஸ்தானிகரைத் தேடித் தொழிலாளி போகிறான். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது?

சவூதி அரேபியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பிழைக்கிறார்கள். நமக்கு ரியாத்தில் ஸ்தானிகராலயமும் ஜெட்டாவில் துணை அலுவலகமும் உண்டு. எண்ணெய்த் தொழில் நடக்கும் கிழக்குக் கரையிலிருக்கும் தம்மாமிலிருந்து ரியாத் சுமார் 400 கிலோமீட்டர். காஞ்சீபுரத்திலிருந்து ஒருவன் ஒரு காகிதத்துக்காக ஏறக்குறைய மதுரை வரை போய் வருவதாக நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். சரி, போகிறான் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாளில் போவது? குவைத்திலும் சவூதியிலும் தொழிலாளிக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. அன்றைக்கு உத்தியோகஸ்தர்களுக்கும் ஓய்வு. சில ஸ்தானிகராலயங்கள் வெள்ளியன்று வெளியூர்களில் முகாம் நடத்துகின்றன என்பதையும், துபாயில் 2010 முதல் தொழிலாளர் உதவி நிலையம் ஒன்று இயங்குகிறது என்பதையும் மறக்கவில்லை. அவை நல்ல காரியங்கள். ஆனால் எங்கோ சில ஸ்தானிகரின் நல்ல மனத்தால் நடப்பதை எல்லா ஸ்தானிகரும் சட்டப்படி நடத்தியாக வேண்டாமா?

பிலிப்பைன் தேசத்தைப் பாருங்கள். அதுவும் நம்மைப்போல் ஏழை ஜனங்களைக் கடல் கடந்து அனுப்பும் நாடு. 1995-ல் அந்நாட்டுப் பணிப்பெண் ஒருத்தி ஸிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டாள். தேசமே கொதித்தெழுந்தது. அதே வருஷத்தில் அவர்கள் செய்துகொண்ட சட்டம், தங்கள் தொழிலாளிகள் இருபதினாயிரம் பேருக்குக் குறையாமல் வாழும் நாடுகளில் உதவி நிலையம் திறக்க வேண்டும் என்றும், அது விடுமுறை நாட்கள் உட்பட இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. மணிலாவால் எழுத முடிந்த சட்டத்தை டில்லியால் எழுத முடியாதா?

இனி பாஸ்போர்ட்டு விஷயம். 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட்டுச் சட்டத்தின் பதினேழாவது பிரிவு, பாஸ்போர்ட்டு எக்காலத்திலும் மத்திய சர்க்காரின் சொத்து என்று கூறுகிறது. பிரஜையின் கையில் அது இரவலாகவே இருக்கிறது. அப்படியானால், அரபு முதலாளியொருவர் நம் பையனின் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது அவர் பூட்டுவது யாருடைய சொத்து? பாரத சர்க்காரின் சொத்தல்லவா? தன் வீட்டுப் பாத்திரத்தை அண்டை வீட்டான் எடுத்து வைத்துக்கொண்டால், வேலைக்காரப் பையனைப் பார்த்து "நீயே போய் அவனிடம் கடிதம் வாங்கி வா" என்று சொல்லும் வீட்டுக்காரரை நாம் கண்டதில்லை. தம் சொத்தைத் திருப்பிக் கேட்க ஸ்தானிகருக்குத் தொழிலாளியின் மனுகூட வேண்டியதில்லை. நிறுத்தி வைத்திருப்பதாகத் தகவல் கிடைத்த அன்றே தம் கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்பினால் போதும். அதற்கும் இணங்காத முதலாளிக்கு இனி இந்தியாவிலிருந்து ஒரு தொழிலாளியும் வருவதற்கில்லை என்று அறிவித்துவிடலாம். 1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நமது சர்க்காரின் அனுமதி வேண்டும். அனுமதி தரும் கை மறுக்கவும் வல்லதல்லவா? 1938-ல் செய்தது இதுதானே!

அந்நிய நாட்டின் சட்டத்தில் நாம் தலையிட முடியாது என்று வெளிநாட்டு இலாகாவினர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். பாகிஸ்தானில் சிறைப்பட்ட ஒரே ஓர் இந்தியரை நமது அதிகாரிகள் சந்திக்க அனுமதிக்கவில்லை என்பதற்காக ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை நமது சர்க்கார் போயிற்று. 2019 ஜூலையில் அந்த வாதத்தில் ஜெயித்தும் வந்தது. ஜெயித்தது 1963-ம் வருஷத்து வியன்னா ஒப்பந்தத்தின் பலத்தால். அந்த ஒப்பந்தம் தூதர்களின் கடமைகளில் ஒன்றாகச் சொந்தப் பிரஜைகளுக்கு உதவுவதைக் குறிப்பிடுகிறது. ஒருவருக்காக ஹேக் வரை செல்லக் கூடியவர்கள், பல்லாயிரம் பேருக்காக நாலு தெரு தாண்டி ஒரு கம்பெனியின் வாசல் வரை செல்லலாகாதா?

பணம் இல்லை என்று சொல்லவும் இடமில்லை. 2009-ல் இந்திய சமூக நல நிதி என ஒன்று ஏற்பட்டது. ஸ்தானிகராலயங்களில் பாஸ்போர்ட்டுக்கும் பத்திரத்துக்கும் வரும் ஒவ்வொருவரிடமும் கட்டணத்தோடு சிறு தொகை தண்டி அதில் சேர்க்கிறார்கள். ஆக, அது தொழிலாளியின் காசு. அந்தக் காசில்தான் அவனுக்கு விமானச் சீட்டு வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரரின் சந்தாவை அவன் ஏன் நம்ப வேண்டும்? 2015-ல் மதத் என்ற பெயரில் கம்பி வழியே புகார் செய்யும் ஏற்பாடு ஒன்றும் வந்தது. உபயோகமானதே. ஆனால் முதலாளியின் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுத்திருப்பவன், தன் கஷ்டத்தைத் தமிழில் சொன்னால் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழர் திரளாகப் பிழைக்கும் நாட்டு ஸ்தானிகராலயத்தில் தமிழ் அறிந்த உத்தியோகஸ்தர் ஒருவரேனும் பொதுஜனங்களைச் சந்திக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது.

1983-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச்சட்டம் கொண்டுவருவதற்கு 2021-லும் 2025-லும் நகல் மசோதாக்களைப் பொதுஜன அபிப்பிராயத்துக்காக வெளியிட்டார்கள். எந்த மசோதா சட்டமானாலும் அதில் இரண்டு விதிகள் இடம்பெற வேண்டுமென்று தமிழ்நாட்டுப் பாராளுமன்ற அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தொழிலாளிகள் தங்கும் முகாம்களைத் தூதுவர்கள் தாமே சென்று பார்வையிட்டு, பழைய ஏஜெண்டுகளைப்போல் நாடுவாரியாக வருஷ அறிக்கை எழுதிப் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பறிமுதலான பாஸ்போர்ட்டை மீட்பது தொழிலாளியின் வேலையன்று, ஸ்தானிகரின் வேலை என்று சட்டமே சொல்ல வேண்டும்.

பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும்; நெய்பவர் ஒருவர், கரைக்கு நாடா தள்ளும் துணையாள் ஒருவர். மகன் போன இரண்டு வருஷமும் துணையாள் இல்லாமல் கரையில்லாத சேலைகளையே நெய்து குறைந்த கூலிக்குக் கொடுத்தாராம். இப்போது பையன் மறுபடியும் கரைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். "சம்பளம் வந்தால் பட்டு நூல் கடனை அடைப்பேன், வராவிட்டால் இவன் மறுபடியும் விமானம் ஏறுவான்" என்றார். பழைய மனுக்களோடு புதிய மகஜர் ஒன்றைத் தமிழிலேயே எழுதி, டில்லியில் வெளிநாட்டு இலாகாவுக்கும், ஒரு நகலை அந்த ஸ்தானிகராலயத்துக்கும் ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்திருக்கிறோம். பதில் வந்ததும் இந்தப் பக்கத்திலேயே பிரசுரிப்போம்.