கூடாரவல்லியும் குதிரைவாலியும்

மதுரையிலிருந்து தென்காசி நோக்கிப் போகும் பிரயாணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தென்பட்டது முதல் ராஜபாளையத்து நூற்பாலைகளைக் கடக்கிற வரையில், வலக்கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் அடிவாரத்துத் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் கண்மாய்ப் பாசனத்து நெல்வயல்களும் காட்சி தருகின்றன. இடக்கைப் பக்கம் சற்று உள்ளே போனால், வானத்தை மாத்திரமே நம்பிக் கிடக்கும் கரிசல் பூமி. மலைத் தண்ணீர் எட்டிய இடத்தில் நெல், எட்டாத இடத்தில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் என்று இந்தப் பிரதேசத்தின் ஆகாரத்தைப் பூமியே வகுத்துக் கொடுத்திருந்தது. கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற விருந்தாளிக்கும் உரியது. மற்ற நாட்களில் கம்மஞ்சோறும் குதிரைவாலிச் சோறும் கீரையுமே போஜனம். அதில் வறுமையின் கசப்பும் கலந்திருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் விருந்து வேறு, அன்றாடம் வேறு என்கிற விவேகம் அந்த வாழ்க்கையில் இருந்தது.

அந்த விவேகத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணொருத்தியே பாடி வைத்திருக்கிறாள். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில், நோன்பு தொடங்கும் ஆயர் சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குவதாகச் சங்கற்பம் செய்துகொள்கிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில்தான், நோன்பின் பயனாக, நெய்யும் பாற்சோறுமாக எல்லோரும் சேர்ந்து உண்ணும் ஆனந்தம் வருகிறது. பக்தியின் ஆழ்ந்த தாத்பரியத்தை ஆசாரியர்கள் விரித்துரைத்திருக்கிறார்கள்; அதில் நான் புகவில்லை. இருபத்தாறு நாள் காத்திருந்த நாவுக்கே அந்த நெய் அமிர்தமாகிறது என்ற எளிய உண்மையைத்தான் சொல்ல வருகிறேன். மார்கழி 27 அன்று கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் வைப்பதை நாம் விடவில்லை. அதற்கு முந்தைய விரதத்தை விட்டுவிட்டோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இந்த ஊரின் நியாயமான பெருமை. பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்டக் காய்ந்து திரண்ட அந்தப் பண்டம், ஒரு விரல் அளவு வாயில் கரைவதற்கென்றே ஏற்பட்டது. அதை அரைக் கிலோவாக வாங்கி, நினைத்தபோதெல்லாம் எடுத்துத் தின்பது அதற்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

விருந்துச் சோறு அன்றாடச் சோறாகியது எவ்வாறென்றால், ஆலை அரிசி மலிந்ததாலும், ரேஷன் கடை அதை விலையின்றி வீட்டு வாசல்வரை கொண்டு வந்ததாலும்தான். பசிப்பிணி நீக்கிய அந்த ஏற்பாட்டை நான் குறை கூறேன். ஆனால், தீட்டத் தீட்ட அரிசியின் தவிடும் முளையும் போய், அவற்றோடு நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் போய்விடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் இதே நெடுஞ்சாலையில் உள்ள டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி வருஷங்களைக் கழித்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்த காலம் தொட்டு, கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் வாதாடினார். பணப்பயிருக்கு முன்பாக, அவ்வூர் ஜனங்களின் போஷாக்குக்கு வேண்டியதையே நிலம் விளைவிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நாம் கேட்கவில்லை; 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இத்தேசத்தில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. இதற்குக் காரணம் அரிசி ஒன்றே அல்ல. அரிசிக்கும் அதில் கணிசமான பங்குண்டு.

தேகத்தின் வியாதி இப்படியிருக்க, பூமியின் நிலையும் வேறல்ல. ஒரு கிலோ அரிசி விளைய மழையும் பாசனமுமாக ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் தேவை. நீர் தேங்கிய வயலின் சேற்றில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் மீத்தேனோ, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வலியது. குதிரைவாலியை நினைத்துப் பாருங்கள்! புரட்டாசி மழைக்கு விதைத்தால், ஏறக்குறைய மூன்று மாதத்தில், கிணற்று நீர் ஒரு சொட்டும் கேளாமல் களம் சேர்ந்துவிடுகிறது. 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலைக்காட்டிலிருந்து இறங்கும் ஓடைகள்தாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஜீவாதாரம். அய்யனார் கோவில் ஆறு வற்றினால் ராஜபாளையத்தின் குடிநீருக்கும் நெருக்கடி. கண்மாய் நீர் பாயும் வயலில் நெல் தொடரட்டும், அது அதற்குரிய இடம். கரிசல் நிலம் சீமைக்கருவேலம் மண்டித் தரிசாய்க் கிடக்க, அதன் சொந்தக்காரர் எங்கிருந்தோ வந்த வெள்ளரிசியைத் தின்று மாத்திரை விழுங்குவதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

பழைமைக்குத் திரும்புங்கள் என்று உபதேசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குதிரைவாலியின் உமி எளிதில் விடுவதன்று. அதை உரலிலிட்டு உலக்கையால் குத்திப் புடைத்துச் சோறாக்கிய சிரமம் முழுவதும் பெண்களின் தோள்மீதே இருந்தது. நெல்லரவை ஆலை வந்தபோது அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்றால், அது முற்றிலும் நியாயமே. ஆகவே உமி நீக்கும் யந்திரம் ஊருக்கு ஊர் வராமல் இந்தப் பேச்சு வெறும் பேச்சே. யந்திரம் வந்த பிறகும், வெள்ளை வெளேரென்று தீட்டிப் பளபளக்கச் செய்து, நகரத்துக் கடையில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்றால், அதன் நற்குணமும் தவிட்டோடு போய், ஏழைக்கு அது எட்டாமலும் போகும்.

2023-இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருவதை அரசு ஆரம்பித்தது. அது அந்த மாவட்டங்களுக்குப் பொருந்திய தானியம். இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் அந்த இடம் குதிரைவாலிக்கும் கம்புக்கும் உரியது. அவற்றை இந்த மாவட்டத்துச் சம்சாரிகளிடமே கட்டுபடியாகும் விலைக்குக் கொள்முதல் செய்து, இங்கேயே தவிடு கெடாமல் உமி நீக்கி, இங்குள்ள ரேஷன் கடைகளிலும் பள்ளிக்கூடச் சமையற்கூடங்களிலும் கொடுக்க வேண்டும். புரட்டாசியில் விதைத்தது மார்கழியில் களத்துக்கு வரும். அதற்குள் அந்த யந்திரங்கள் நாட்டப்பட்டுவிட்டால், கூடாரவல்லியன்று அக்காரவடிசிலுக்குப் பச்சரிசி வாங்கப் போகிற கரிசல்காட்டுக் குடும்பத்தின் அடுக்குப்பானையில் மறுநாள் சோற்றுக்கான தானியம் ஏற்கெனவே இருக்கும்.