பாட்டி சொன்ன முனி

சித்தியவான் வட்டாரத் தமிழ் மாணவர் ஜப்பானியப் பேய்ச் சித்திரப் படங்களில் மூழ்கிக் கிடப்பதைப் பழிப்போர் பலர். பழிக்குமுன் ஒன்றை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேய்க்குலத்தில் பிறந்தும் மாந்தர்க்காகத் தீய பேய்களோடு பொருதும் சிறுவன் கிதாரோ, 1968ஆம் ஆண்டு தொலைக்காட்சிக்கு வந்தான். அவனைப் படைத்த மிசுகி சிகெரு, இளமையில் மூதாட்டி ஒருத்தி சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்; போரில் இடக்கையை இழந்தும் எழுதுகோலைக் கைவிடாதவர். அவர் வளர்ந்த சாக்காயிமினாத்தோ நகரின் வீதியில் இன்று அக்கதைமாந்தர் சிலைகளாய் நிற்கின்றனர்.

சித்தியவான் தோட்டங்களிலும் பாட்டிமார் இருந்தனர். பால்மரக் காட்டு முனியாண்டியின் கதையை லயத்து வாசலில் சொன்னார்கள். கேட்டவர் பலர், எழுதி வைத்தவர் எத்தனை பேர்? லயங்கள் மறைந்தன; கதைகளும் மறைகின்றன. கதையற்ற பிள்ளை அயலார் கதையை நாடுவது குற்றமா? பாட்டியின் முனியை ஏட்டில் ஏற்றாத தமிழாசிரியர்க்குக் கிதாரோவைப் பழிக்க உரிமை ஏது?