படுக்கையறைக்குள் அலுவலகம்



வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலர் படுக்கையறையிலேயே வீடியோ கால் பேசுகிறீர்கள். வீட்டார் கதவைத் திறக்கத் தயங்குகிறார்கள். குழந்தை சத்தம் போட்டுச் சிரிக்கப் பயப்படுகிறது.

நம் சிவகாசிப் பக்கம் வீட்டில் பட்டாசு செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீட்டுக்குள் வந்தது. பெட்டிக் குவியலுக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதியவர்கள் உங்களில் எத்தனை பேர்! வேலை உள்ளே வந்தால் வீடு சுருங்கும் என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

நாள் முழுக்க கேமராவை ஆன் செய்து வைக்க மறுத்த ஊழியரை நீக்கியது தவறு என்று 2022-ல் நெதர்லாந்து நீதிமன்றமே சொன்னது.

கூடத்து மூலையில் ஒரு மேசை போடுங்கள். இடமில்லையென்றால், "குரல் மட்டும் போதுமா?" என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.