நாளை என்னும் சோதனை

புனித வாரம் வந்துவிட்டால் நம் ஆலயங்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நிற்கும் வரிசை வாசற்படியைத் தாண்டி நீள்கிறது. ஓராண்டுச் சுமையை இரண்டே நிமிடங்களில் இறக்கிவைத்துப் போகிறோம். உயிர்ப்பு ஞாயிறு கடந்ததும் தொட்டியில் ஒட்டடை படிகிறது. ஏனென்று கேட்டால், மறுமொழி ஆயத்தமாயிருக்கிறது: "ஆண்டுக்கு ஒருமுறைதானே சாமி, திருச்சபை கேட்கிறது?"

அப்படியா கேட்கிறது? ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று 1215ஆம் ஆண்டில் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. அதிலுள்ள 'ஏனும்' என்பதை நாம் விழுங்கிவிட்டோம். இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோட்டை, இதற்கு மேலே வேண்டாம் என்னும் கூரையாக்கிக் கொண்டோம். சாவான பாவத்தில் இருப்பதாக உணர்பவர், கனமான காரணமின்றி, பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. அதை மட்டும் ஏனோ நினைவில் வைத்திருப்பதில்லை!

தள்ளிப்போடுவது புதிய நோயன்று. தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குக்குப் பின் செய்த கொடிய பாவங்களுக்கு வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் பகிரங்கத் தவமுயற்சி அளிக்கப்பட்டது. ஆகவே பலர் அதைச் சாகும் தறுவாய்வரை ஒத்திவைத்தனர். பேரரசர் கான்ஸ்டன்டைன் திருமுழுக்கையே 337ஆம் ஆண்டில் மரணப் படுக்கையில்தான் பெற்றார். பின்னர் அயர்லாந்துத் துறவியர், எத்தனை முறையும் தனித்து வந்து அறிக்கையிடும் வழக்கத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பினர். அவர்கள் அகலத் திறந்த கதவை ஆண்டுக்கொருமுறை திறக்கும் சன்னலாக்கியவர்கள் நாமே.

தாமதம் செய்யும் கேட்டைத் தாவீதிடம் காண்கிறோம். பாவம் செய்தபின் பிள்ளை பிறக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அரியணையில் அமர்ந்து நீதி வழங்கிக் கொண்டிருந்தார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனைப் பற்றி நாத்தான் சொன்னதும் சினந்து மரண தண்டனை கூறினார். அச்செல்வன் தாமே என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மூடிவைத்த பாவம் சொந்தக் குற்றத்தைக் காணாதபடி கண்ணை மறைத்துப் பிறர் குற்றத்தைப் பெரிதாக்குகிறது. பேதுருவோ சேவல் கூவிய அப்பொழுதே வெளியே சென்று அழுதார்.

"கடவுளிடம் நேரே சொல்லிவிடுகிறேன்" என்பாரும் உண்டு. சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள். ஆனால் உத்தம மனத்துயருக்குள் பாவசங்கீர்த்தனம் செய்யும் தீர்மானமும் அடங்கியிருக்க வேண்டும் என 1551ஆம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது. தீர்மானம் இல்லாத மனத்துயர் வெறும் பெருமூச்சே.

தொட்டியில் கேட்டதை நாம் எங்கும் சொல்லோம். இது ஊரறிய நடந்தது. முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில் வரப்புத் தகராறினால் அண்ணனும் தம்பியும் பதினோர் ஆண்டுகள் பேசவில்லை. தம்பி ஞாயிறுதோறும் நற்கருணை வாங்குவார். ஒரு தவக்காலத் தொடக்கத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மன்றாடினோம். "பெரிய வியாழனுக்குள் அண்ணனைப் பார்த்துவிடுகிறேன் சாமி" என்றார். இரண்டாம் வாரத்திலேயே அண்ணன் கிணற்றடியில் விழுந்து இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் பிடி மண் போடும் நேரம், தம்பி மூடிய கையைத் திறக்க இயலாமல் நெடுநேரம் நின்றார். மனம் வருந்தியவரை இறைவன் மன்னிப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்ணனின் வாயிலிருந்து வரவேண்டிய மன்னிப்பைத் தர இனி ஆளில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் சொன்னதன் அவசரம் அன்று நமக்கு விளங்கியது.

குற்றம் மக்களுடையது மட்டுமன்று. இரண்டாம் மணி அடிக்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, நேரே திருவுடை அணியும் குருக்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு. திருப்பலிக்கு முன்னரே பாவசங்கீர்த்தனம் கேட்க ஆயத்தமாயிருக்கும்படி திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2002ஆம் ஆண்டில் பரிந்துரைத்தார். குருவானவர் அமராத தொட்டிக்கு மக்கள் எப்படி வருவார்கள்?

ஆகவே நாம் தொட்டியில் அமர்வோம், நீங்கள் வாருங்கள். இன்றிரவே ஆன்ம சோதனை செய்யுங்கள். யாரோடு பேச்சில்லையோ அவர் வீட்டுக்கு நாளைக் காலையிலேயே போங்கள். வரும் சனிக்கிழமை மாலை கோவிலுக்கு வாருங்கள். பெரிய வியாழன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.