நமக்கு நாமே சட்டம்!

சட்டம் என்றவுடன் சட்டசபையும் நீதிமன்றமும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் பேச வந்ததோ ஓவியத்தைச் சுற்றி நிற்கும் மரச்சட்டத்தைப் பற்றி. எண்ணெய் வர்ணத்தில் படம் தீட்டும் மாணவர்கள் நம் கல்லூரியிலும் உளர். தீட்டிய படத்திற்கு வீட்டிலேயே தாமே சட்டம் போடுவது நன்று என்பது என் கருத்து. செலவு குறையும் என்பது சிறிய காரணம்; பெரிய காரணங்கள் வேறு.

முதலாவது, எண்ணெய் ஓவியம் நம் வீட்டுச் சாமிப் படம் போன்றதன்று. காகிதத்தில் அச்சிட்ட படத்திற்குக் கண்ணாடி வேண்டும். கித்தானில் தீட்டிய எண்ணெய் ஓவியத்திற்குப் பொதுவாக வேண்டியதில்லை. நீர் வர்ணம் ஈரம் ஆவியாகி உலர்கிறது. எண்ணெய் வர்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. வேதியியல் வகுப்பில் நாம் படித்த இரட்டைப் பிணைப்புகளின் வேலையே இது! மேற்பரப்பு சில நாட்களில் காய்ந்ததுபோல் தோன்றினாலும், தடித்த பூச்சு உள்வரை இறுகப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் கண்ணாடியை அழுத்தி வைத்தால் வர்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பாகப் பூசினோம் என்பது தீட்டியவருக்குத்தானே தெரியும்?

இரண்டாவது, கணக்கு. 18 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள கித்தானை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைவிட்டம் சரியாக 30 அங்குலம் இருக்கவேண்டும். இல்லையேல் கித்தான் கோணியிருக்கிறது என்று பொருள். பித்தகோரஸ் தேற்றம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அளவு நாடா காட்டிக்கொடுக்கும். சட்டத்தின் நான்கு மூலைகளையும் 45 பாகையில் அறுத்து, வச்சிரம் காயும் முன்பே இரு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, பருவநிலை. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். ஆகவே கித்தான் அமரும் பள்ளத்தில் பக்கத்திற்கு எட்டில் ஓர் அங்குலம் இடைவெளி விடவேண்டும். கித்தானை ஆணியடித்து இறுக்காமல், வளைத்த தகரப் பட்டைகளைச் சட்டத்தின் பின்புறம் திருகி, அவற்றால் தாங்கிப் பிடிக்கவேண்டும். கீழ் மூலைகளில் இரு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று புகும்; சுவரின் ஓதம் ஏறாது.

படம் தீட்டுபவருக்குச் சட்டம் எதற்கு என்பார் உண்டு. வின்சென்ட் வான்கோ 1887-இல் பழங்களைத் தீட்டிய ஓர் ஓவியத்தின் சட்டத்திற்கும் தாமே வர்ணம் பூசி, அதையும் படத்தின் பகுதியாக்கினார். படம் எங்கே முடிகிறது என்பதைத் தீட்டியவரே முடிவு செய்வது எவ்வளவு பொருத்தம்!

“படித்தவன் ரம்பம் பிடிப்பதா?” என்பதே நான் அஞ்சும் கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “இனி உனக்கு எதற்கப்பா இந்த வேலையெல்லாம்?” என்று பெரியவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். அதிலுள்ள எண்ணத்தை ஏற்க இயலவில்லை. கையை மறக்கச் செய்யும் பட்டம் அரைப் பட்டமே ஆகும். தச்சரின் பிழைப்பை இது கெடுக்கும் என்பதும் சரியன்று. ஒரு மூலையை இடைவெளியின்றிப் பொருத்த ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டவன், அதனைச் சில நிமிடங்களில் முடிக்கும் தச்சரிடம் கூலிக்குப் பேரம் பேச மாட்டான்.

மாணவத் தோழர்களே! நம் கல்லூரியின் அடுத்த ஓவியக் கண்காட்சியில் படங்களோடு சட்டங்களும் நம் கைவேலையாகவே இருக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் ஆய்வுக்கூடத்தின் ஒரு மேசையை மட்டும் ஒரு வாரம் தந்துதவினால் போதும். ரம்பமும் மூலைமட்டமும் நாங்கள் கொண்டுவருகிறோம்.