கிள்ளானைக் கடந்து செல்வோர்

கிள்ளானில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். கேட்பவர் அயல்நாட்டார் எனின் பொறுத்துக்கொள்ளலாம். புலாவ் இண்டா தீவின் முனையத்தில் உல்லாசக் கப்பலிலிருந்து காலையில் இறங்கும் பயணியின் கையிலுள்ள நிரலில் அன்றைய துறையின் பெயர் பெரும்பாலும் கோலாலம்பூர் என்றே அச்சாகியிருக்கும். கிள்ளான் துறைமுகம் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அவர் குளிரூட்டிய பேருந்தில் ஏறுகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையைப் பார்க்கிறார். இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். நேரமிருப்பின் பத்துமலையையும் பிரிக்பீல்ட்சின் வண்ணத் தோரண வாயிலையும் காட்டுகிறார்கள். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார். வழியில் ஓர் அரச நகர் இருந்ததை அவர் அறியார்.

அதே கேள்வியைச் செமினியிலும் காஜாங்கிலும் பணியாற்றும் தமிழாசிரியர்கள் கேட்கும்போது பொறுப்பதற்கில்லை.

செமினி வட்டாரத்திலிருந்து புறப்படும் பள்ளிச் சுற்றுலாக்களைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். நீர் விளையாட்டுப் பூங்கா, விலங்குக் காட்சிச்சாலை, புத்ராஜெயா, மீண்டும் அந்த இரட்டைக் கோபுரம். இவை கூடா என்பதன்று. பிள்ளைகள் மகிழ வேண்டியவர்களே. ஆயினும், பேருந்து நிற்கிறது; ஆசிரியர் தலைகளை எண்ணுகிறார்; பத்து நிமிடம் கொடுக்கப்படுகிறது; படம் எடுத்ததும் பேருந்து நகர்கிறது. இம்மாணவனுக்கும் அந்தக் கப்பற் பயணிக்கும் வேறுபாடு யாது? அவர் கட்டணத்தை டாலரில் செலுத்தினார். இவன் தந்தை ரிங்கிட்டில் செலுத்தினார். அவ்வளவே.

உண்மையில் கோலாலம்பூரே கிள்ளான் பெற்ற பிள்ளையன்றோ? 1857இல் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பி ஈயம் தேடச் செய்தார். காட்டுக் காய்ச்சலில் பெரும்பாலோர் மாண்டனர். அம்பாங்கில் அன்று தொடங்கிய சுரங்கத் தொழிலின் பயனாக எழுந்ததே இன்றைய தலைநகர். அவர் கட்டிய பண்டகசாலை கிள்ளானில் இருக்கிறது. கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த ஹப்பக் என்பாரே 1909இல் எழுந்த கிள்ளான் அரசு அலுவலகத்தையும் வரைந்தவர்; அது இப்போது சுல்தான் அப்துல் அசீஸ் அரச காட்சிக்கூடம். தலைநகரில் அவர் கைவண்ணத்தைப் படம் பிடிப்போர் இங்கே அதே கையைத் தாண்டிப் போகிறார்கள்.

இவை பொதுவான வரலாறு. தமிழ் மாணவனுக்கு இதனினும் நெருங்கிய வரலாறு ஒன்று அங்கே உண்டு. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைதான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியா அத்துறையைச் சூறையாடிற்று. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தின் நீரை வடியச் செய்த பின்னரே அங்கு மனிதர் வாழ முடிந்தது. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ‘ரஜுலா’ கப்பல் தொட்ட துறைகளுள் இதுவும் ஒன்று. அக்கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோர்க்கு வழிகாட்டி இல்லை. பயண நிரலும் இல்லை. துணி மூட்டையுடன் இறங்கினார்கள். நோய்த்தடை முகாமில் அடைக்கப்பட்டார்கள். பின்னர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். செமினியின் பால்மரக் காடுகளுக்கு வந்து சேர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அத்துறை எத்திசையில் உள்ளது என்பதையும் அறியாமல் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்கிறார்கள்.

1941ஐப் பற்றிச் சொல்லவே வேண்டா. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். தோட்டங்களில் கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டனர். இன்னொன்றும் கேட்டனர். துரை எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்குமாறு கேட்டனர். சாலையில் தன் போக்கில் செல்லும் உரிமை! கூலிப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதனையும் எழுதி வைத்தார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். சாலையில் தலை நிமிர்ந்து செல்வதற்காக மாண்டோரின் மண்ணை அவர்தம் வழித்தோன்றல்கள் பேருந்துக் கண்ணாடி வழியே, அதுவும் உறங்கிக்கொண்டே, கடந்து போவதை என்னென்பது?

கப்பற் பயணிகளிலும் விதிவிலக்கானோர் உளர். நிறுவனத்தின் பேருந்தை மறுத்து, வாடகை வண்டி பிடித்து, கிள்ளான் இரயில் நிலையத்தருகில் இறங்கி, கையில் ஒரு வரைபடத்துடன் நடக்கத் தொடங்குவோர் அவர்கள். பழைய கடைவீடுகளின் ஐந்தடியில் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள். தெங்கு கிளானா சாலையில் பூக்கட்டுவோர் முன் நிற்கிறார்கள். 1928இல் எழுந்த லூர்து மாதா தேவாலயமும், இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும், பலகாரக் கடையும், சேலைக் கடையும் ஒரே சாலையில் அவர்களுக்குக் கிட்டுகின்றன. இன்னும் நடந்தால் 1892இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயில். நடப்பவருக்கு ஐயம் எழும். ஐயம் எழுந்தால் கேட்பார். ‘இத்தனை தமிழர் இவ்வூருக்கு எப்படி வந்தனர்?’ என்று கடையில் நிற்கும் இளைஞனைக் கேட்டால் அவன் என்ன விடை சொல்வான்? அவனுக்கு அதனைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அயல்நாட்டான் ஆறு மணி நேரத்தில் கேட்டறிய விழைவதை, ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்றவன் அறியாமல் நிற்பது யாருடைய குறை?

தடை கூறுவோர்க்குப் பஞ்சமில்லை. வெயில் என்பர், நடைபாதை உடைந்து கிடக்கிறது என்பர், சாலையைக் கடப்பது ஆபத்து என்பர். இவற்றில் உண்மை உண்டு. நடைபாதை பல இடங்களில் உடைந்தே கிடக்கிறது. நடப்போர் பெருகாதவரை அதனைச் செப்பனிடுமாறு கேட்பாரும் பெருகப் போவதில்லை. கப்பற் பயணிக்கோ இன்னோர் அச்சம்: நிறுவனத்தின் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், தனித்துச் சென்றவருக்காகக் காத்திராது. அதனால் அவர் கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்துக்கு ஒத்து வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் முன்னதாகவே திரும்புகிறார். திட்டமிட்டால் தீரும் அச்சம் அது. பினாங்கில் இத்தகைய பேச்சே எழுவதில்லை. அங்கே கப்பல் ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே நிற்கிறது. பயணி இறங்கியவுடன் நகருக்குள் நடந்துவிடுகிறார். 2008இல் உலக மரபு நகரென அறிவிக்கப்பட்ட பெருமையும் அதற்கு உண்டு. கிள்ளானுக்கு வாய்த்ததோ நகருக்கு அப்பால் ஒரு தீவில் அமைந்த முனையம். எனவேதான் பேருந்து முதலில் வந்து நிற்கிறது.

செமினி ஆசிரியருக்கோ கப்பல் தவறிவிடும் என்ற கவலையும் இல்லை. காஜாங்கில் கொம்யூட்டர் தொடர்வண்டியில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறினால் கிள்ளான் நிலையத்திலேயே இறங்கலாம். காலையில் சென்றால் வெயில் ஏறுமுன் பாதி நகரைப் பார்த்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு மாணவர் போதும். நாற்பது பேரை ஒருசேர இழுத்துச் செல்ல வேண்டுவதில்லை. பெற்றோர் கையொப்பமும் மேலிடத்து அனுமதியும் பெறும் தொல்லை நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் உண்டல்லவா? அங்கே அதனைத் தாங்கிக்கொள்ளும் ஆசிரியர் இங்கே மட்டும் ஏன் சலிக்கிறார்?

நடையைக் கோத்தா பாலத்தில் முடிக்கலாம். 1961இல் திறக்கப்பட்ட அப்பாலம் ஈரடுக்காகக் கட்டப்பட்டது. மேலடுக்கு அன்று மோட்டார் வண்டிகளுக்கென அமைந்தது. கீழடுக்கு நடந்து செல்வோர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும். வேலைநிறுத்தம் நடந்து இருபதே ஆண்டுகள் கழித்து மிதிவண்டிக்கென்று அங்கே ஒரு வழி அமைந்தது. கீழே ஓடுவது அந்த 87 பேர் மேலே சென்ற அதே ஆறு. பேருந்துக்கு அந்தக் கீழடுக்கில் வழியில்லை.